பூட்டனாரைப் பத்திரங்களில் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டனாரின் தந்தை பெயர் வரை சொல்ல முடிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்னும் நிலையில்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் இருக்கின்றன. 1800-க்கும் 1900-க்கும் இடையில் வாழ்ந்த ஒரு முன்னோரைப் பற்றி வீட்டிலும் அலுவலகங்களிலும் என்னென்ன கிடைக்கக்கூடும், கிடைத்தவற்றை எப்படிப் படிப்பது என்று கேட்போருக்கான விடைகள் இவை.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வீட்டிலிருந்துதான். ஆவணக் காப்பகத்துக்குச் சென்று பெயரை மட்டும் சொன்னால் அங்கே எதையும் எடுத்துத் தர இயலாது. ஊர், வட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, நிலத்தின் எண் ஆகியவற்றுள் இரண்டேனும் கையில் இருக்க வேண்டும். பரணிலும் பழைய பெட்டிகளிலும் பத்திரக் கட்டு, ஓலைக் கட்டு, ஜாதகம், கிஸ்தி கட்டிய ரசீது, மொய்க் கணக்கு, பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றைத் தேடுங்கள். வெறுங்காகிதம் என்று எதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

வயதில் மூத்தவர்களிடம் “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் பெரும்பாலும் புகழுரைதான் கிடைக்கும். “அவர் நிலம் எந்தப் பக்கம் இருந்தது? அவருடன் பிறந்தவர்களை எந்த ஊரில் கொடுத்தார்கள்? குலதெய்வக் கோயிலுக்கு நம்முடன் யார் யார் வருவார்கள்?” என்று கேட்டால் தேடலுக்கு உதவும் செய்தி வரும். சிராத்தமும் தர்ப்பணமும் செய்யும் குடும்பங்களில் மூன்று தலைமுறைப் பெயர்கள் ஆண்டுதோறும் சொல்லப்படுவதால் அவை மறக்கப்படாமல் இருக்கும். திதி கொடுக்கும் நாளே அவர் இறந்த மாதத்தையும் பட்சத்தையும் திதியையும் காட்டிவிடும். ஆண்டு மட்டும் வேறு வழியில் தெரிந்தால், பழைய பஞ்சாங்கத்தின் துணையோடு இறந்த தேதியையே கணித்துவிடலாம்.

பத்திரத்தில் “தாது வருஷம் ஐப்பசி மாதம்” என்று மட்டும் இருக்கிறது. இது எந்த ஆங்கில ஆண்டு?

பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பிரபவ ஆண்டு 1807, 1867, 1927 ஆகியவற்றின் சித்திரையில் தொடங்கியது. தாது அதிலிருந்து பத்தாவது ஆண்டு. ஆகவே அது 1816-17 ஆகவோ 1876-77 ஆகவோ இருக்கலாம். பின்னதுதான் தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற கொடும்பஞ்சம் தொடங்கிய ஆண்டு. சித்திரையில் ஆண்டு பிறப்பதால், தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்துவிடக் கூடாது. தாது ஐப்பசி என்பது 1876 என்றால், தாது மாசி என்பது 1877.

இரண்டு சாத்தியங்களுள் எது சரி என்பதைப் பெரும்பாலும் அதே பத்திரத்தில் இருக்கும் இன்னோர் எண் காட்டிக்கொடுக்கும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அங்கே அது ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்ட வேண்டும். வரி ரசீதிலும் வருவாய்க் கணக்கிலும் பசலி என்னும் வருவாய்த் துறை ஆண்டு இருக்கும். பசலி ஜூலை 1-இல் பிறக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1855-க்கு முன் பசலி ஆடி மாதப் பிறப்பையொட்டித் தொடங்கியதால், அக்காலத்து ஜூலை மாத ஆவணங்களில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. சாலிவாகன சகாப்தம் என்று எழுதியிருந்தால் 78-ஐக் கூட்டுங்கள். அதுவும் தை முதல் பங்குனி வரை 79 ஆகும்.

ஐப்பசி மாதத்துப் பத்திரம் ஒன்றில் கொல்லம் 1052, பசலி 1286, சகாப்தம் 1798 ஆகிய மூன்றில் எது காணப்பட்டாலும் அது 1876-ஐயே காட்டும். இரண்டு முறைகள் இருந்து அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், படித்ததில் பிழை இருக்கிறது என்றோ, அது பிற்காலத்தில் எழுதப்பட்ட நகல் என்றோ ஐயுற வேண்டும்.

ஜாதகம் மட்டுமே இருக்கிறது. அதிலும் ஆண்டுப் பெயர் மட்டும்தான் உள்ளது. பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சனி ஏறத்தாழ 29½ ஆண்டிலும் குரு ஏறத்தாழ 12 ஆண்டிலும் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றுவதால், 60 ஆண்டு கழித்து இரண்டுமே ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகவே அவற்றை வைத்து 1816-ஆ 1876-ஆ என்று பிரித்தறிய முயல்வது வீண். ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்று வர 18½ ஆண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. 60 ஆண்டில் அது மூன்று சுற்றுகளை முடித்து மேலும் இரண்டு, மூன்று ராசிகள் தள்ளிப்போயிருக்கும். கட்டத்தில் ராகு நிற்கும் ராசி எந்த ஆண்டோடு பொருந்துகிறது என்று பழைய காலத்துக்கும் கணிக்கும் பஞ்சாங்கச் செயலியில் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. வானில் கோள் நின்ற இடத்தைக் குறித்து வைத்த ஏடு என்ற அளவில் ஜாதகம் நல்ல சான்று.

பழைய எழுத்தையும் அதிலுள்ள குறிகளையும் படிக்க முடியவில்லை. என்ன செய்வது?

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இருக்காது. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் விடப்பட்டிருக்காது. எழுத்தெழுத்தாக உடைத்துப் படிக்க முயல்வதைவிட, அக்காலப் பத்திரங்களின் வாய்பாட்டை முதலில் தெரிந்துகொண்டு, எந்த இடத்தில் எந்தச் சொல் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு படிப்பது எளிது. பிள்ளையார் சுழி, ஆண்டு, மாதம், தேதி, எழுதி வாங்கியவர், எழுதிக் கொடுத்தவர், தொகை, நிலம், நான்கெல்லை, சாட்சிகள், எழுதியவர் கையெழுத்து என்ற வரிசை பெரிதாக மாறுவதில்லை.

குறிகளுள் அடிக்கடி வருபவை சிலவே. ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும். அவற்றுள் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். நிலத்தின் அளவில் மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு. கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்ன எண்களில், காணி 1/80, முந்திரி 1/320. தஞ்சைப் பகுதி வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் ஆகும். தொகையை வராகன், பணம் என்னும் பழைய நாணயங்களில் எழுதியிருந்தால் ஆவணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. சென்னை மாகாணத்தில் 1818 முதல் ரூபாயே அரசின் நாணயம் ஆயிற்று.

ஒரு நிலப் பத்திரத்திலிருந்து ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு அறிய முடியும்?

பலர் எண்ணுவதைவிட அதிகம் அறியலாம். எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தந்தை பெயர், ஊர், சாதி, தொழில் ஆகியவை குறிக்கப்படும். “இதற்கு முன் இன்னாரிடம் வாங்கிய கடனைத் தீர்க்கும் பொருட்டு”, “என் குமாரத்தியின் கலியாணச் செலவுக்காக” என்று விற்பதற்கான காரணத்தைச் சொல்லும் வரி இருந்தால் அதை இரண்டு முறை படியுங்கள். வேறெங்கும் கிடைக்காத குடும்பச் செய்தி அங்கேதான் இருக்கும். நான்கெல்லையில் வரும் அண்டை நிலத்துக்காரர்களுள் ஒருவர் பெரும்பாலும் உடன்பிறந்தவராகவோ பங்காளியாகவோ இருப்பார். சாட்சிகளும் அப்படியே. முத்திரைத்தாளின் பின்புறத்தில் அதை விற்றவர் எழுதிய குறிப்பு, யார் பெயருக்கு என்றைக்கு விற்கப்பட்டது என்று சொல்லும். கையெழுத்துக்குப் பதிலாக “இன்னார் கீறல்” என்று இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆனால் ஒரே பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்வர் என்றோ வறியவர் என்றோ முடிவு கட்டக் கூடாது. ஒருவர் 1870-இல் நிலம் வாங்குகிறார், 1877-இல் அதையே அடமானம் வைக்கிறார், பிறகு அவருடைய பிள்ளைகள் பாகப்பிரிவினை செய்துகொள்ளும்போது அந்த நிலம் சொத்துப் பட்டியலில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பஞ்சம் அந்த வீட்டை என்ன செய்தது என்பதை இம்மூன்று தாள்களும் சேர்ந்துதான் சொல்ல முடியும். எனவே பத்திரங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் அவர் வயதையும் அப்போது உயிரோடிருந்த உறவினரையும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒருவருடைய பெயர் எந்தத் தேதிக்குப் பிறகு “காலஞ்சென்ற” என்று வருகிறதோ அதற்கு முன் அவர் இறந்திருக்க வேண்டும். முந்தைய பத்திரத்தில் அவரே கையெழுத்திட்டிருந்தால் இறந்த காலம் இரண்டு தேதிகளுக்கு நடுவே அடங்கிவிடும்.

வழக்கு நடந்த குடும்பம் என்றால் பேறு பெற்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சொத்து வழக்கில் பிராதுடன் வம்சாவளிப் பட்டியல் இணைக்கப்படுவதுண்டு. எதிர்த்தரப்பு அதை வரிக்கு வரி மறுத்திருக்கும் என்பதால், ஒத்துக்கொள்ளப்பட்ட பகுதி மிகவும் நம்பத்தக்கது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கிற்று. மேல்முறையீடு வரை சென்ற வழக்குகளின் தீர்ப்பு அச்சிலும் கிடைக்க வாய்ப்புண்டு.

வீட்டுப் பத்திரங்கள் அழிந்துவிட்டன. நகல் எங்கே கிடைக்கும்?

1864-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 1865 முதல் நடைமுறைக்கு வந்தபின், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை முதலியவற்றைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பதிவான பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் முழுமையாகப் படியெடுக்கப்பட்டது. உயில்களுக்குத் தனிப் புத்தகம் உண்டு. ஆட்பெயர் வாரியாகவும் சொத்து வாரியாகவும் அட்டவணைகள் இருப்பதால், ஊரும் தோராயமான ஆண்டும் தெரிந்தால் தேடல் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிற்பட்ட காலத்துக்கே உரியது. அதற்கு முந்தையவற்றை அலுவலகத்தில்தான் கையால் தேட வேண்டும். உங்கள் ஊர் அன்று வேறு சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்திருக்கலாம் என்பதால், அதை முதலில் விசாரித்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

வருவாய்த் துறைக் கணக்குகளில் என்ன கிடைக்கும்?

நிலவரித் திட்டத்தின்போது ஒவ்வொரு ஊருக்கும் எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், அதற்கு முந்தைய பைமாஷ் எண், நிலத்தின் தரம், தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை இருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பாலம் இதுவே. ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் “அ” பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் இருக்கும். பரம்பரையாக இருந்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது அவர்கள் வைத்திருந்த கணக்குகளெல்லாம் ஒழுங்காகக் கைமாறின என்று சொல்வதற்கில்லை. சில இன்றும் அந்தக் குடும்பங்களின் பரணிலேயே இருக்கின்றன. நயமாகக் கேட்டுப் பாருங்கள்.

முன்னோர் கோயில் ஊழியத்துக்கோ, ஊர்ப் பணிக்கோ, வேதம் ஓதுவதற்கோ மானியம் பெற்றவர் என்றால், இனாம் பதிவேடு வேறெதையும்விடப் பயன்தரும். 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் மாகாணம் முழுவதும் மானியங்களை விசாரித்து, முதலில் மானியம் பெற்றவர், இடைக்காலத்தில் கணக்கில் இருந்தவர், விசாரணையின்போது அனுபவித்தவர், அவருடைய வயது, முன்னவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றையெல்லாம் எழுதி வைத்தது. ஒரே பக்கத்தில் மூன்று, நான்கு தலைமுறைகள் கிடைப்பதுண்டு. இந்தப் பதிவேடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் கேட்க வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் பகுதிகளில் குடிகளின் கணக்கை ஜமீன் கச்சேரிதான் வைத்திருந்தது. அரசின் பதிவேட்டில் அவர்கள் பெயர்கள் மிகப் பிந்தியே வரும்.

எங்கள் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லை. எங்களுக்கு ஏதேனும் வழி உண்டா?

உண்டு, ஆனால் பாதை வேறு. இதுவரை சொன்னவை பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்களைப் பற்றிய தாள்கள். உழுதவரையும் கூலிக்கு உழைத்தவரையும் பிறருடைய ஏட்டில்தான் தேட வேண்டும்: நிலக்கிழார் வீட்டுக் கூலிக் கணக்கு, அடமானப் பத்திரத்தின் சாட்சிப் பட்டியல், கோயில் திருவிழாவில் எந்தக் குடும்பம் எந்த வேலைக்கு உரியது என்ற பழைய குறிப்பு ஆகியவற்றில்.

கிறித்தவரானவர்களுக்குத் திருச்சபைப் பதிவேடுகள் பெருந்துணை. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-இல் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலும் நாகர்கோவில் பக்கத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும், வயதில் வந்து ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் சில இடங்களில் பழைய பெயரும் இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் இவை இலத்தீனில் இருப்பது வழக்கம். மதுரை இயேசு சபையாரின் ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ளன.

கடல் கடந்து கூலியாகச் சென்றவர்களின் நிலை இன்னும் வியப்புக்குரியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான துரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம், மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு வரி கூடக் கிடைக்காதபோது, கப்பலேறிய தம்பியின் மச்சம் எங்கே இருந்தது என்பது வரை தெரிகிறது. மனிதரைச் சரக்காகக் கணக்கு வைத்த நிர்வாகம் தன் வசதிக்காக எழுதியவை இவை. இன்று சந்ததியினருக்குக் கிடைக்கும் அடையாளமும் அவையே. மொரீஷியசுக்குச் சென்றவர்களின் பதிவேடுகள் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களின் நடுப்பகுதிக்குப் பிறகு சென்ற பலருடைய நிழற்படங்களும் அங்கே உள்ளன. பட்டியலைத் தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். முனியம்மா, முருகேசன் போன்ற பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தவாறெல்லாம் எழுதினார்கள். ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் சென்றோர்க்கு நேட்டாலைப் போன்ற விரிவான பட்டியல் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வேலையாள் பெயர்ப் பதிவேடு எஞ்சியிருந்தால் அதுவே பெரும் செல்வம்.

பெண் முன்னோர்களைப் பற்றி எதுவுமே கிடைக்கவில்லையே?

பத்திரங்களில் பெண்கள் “இன்னார் பெண்சாதி”, “இன்னார் குமாரத்தி” என்று வருவதால், அவர்கள் பெயர் தெரியாமல் கணவர் பெயரை வைத்தே தேட நேரும். மகளுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலம், கைம்பெண்ணுக்கு ஜீவனாம்சம் எழுதிக் கொடுத்த பத்திரம், தத்து எடுத்த பத்திரம் ஆகிய மூன்றிலும் பெண்ணே நடுநாயகமாக இருப்பார். அவற்றை முதலில் தேடுங்கள். சீராக வந்த அண்டாவிலும் குடத்திலும் பிறந்த வீட்டார் பெயரும் சில வேளைகளில் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுவதற்கு முன் அதன் கழுத்தையும் அடியையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நகரத்தார் குடும்பங்களில் ஒன்பது நகரக் கோயில்களும் திருமணங்களைப் பதிந்து, மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் வைக்கும் முறை உள்ளதால் அவர்களுக்கு இத்தேடல் எளிது. மற்றவர்கள் பெண்ணின் பிறந்த ஊருக்குச் சென்று அவ்வூர் உறவினரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

பிறப்பு, இறப்புச் சான்றும் குடிமதிப்பும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்) உதவுமா?

மிகக் குறைவாகவே. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல்தான் வந்தது. குடிமதிப்பு 1871-இலிருந்து ஒழுங்காக எடுக்கப்பட்டாலும், தொகைகள் மட்டுமே அச்சிடப்பட்டன. வீட்டுவாரியாக எழுதிய தாள்கள் காக்கப்படவில்லை.

ஒரே பெயரில் இருவர் வருகிறார்கள். எவர் நம் முன்னோர்?

பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடும் வழக்கத்தால் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். சுப்பையா மகன் இராமசாமி, இராமசாமி மகன் சுப்பையா, மீண்டும் சுப்பையா மகன் இராமசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும்போது, முதல் இராமசாமியின் பத்திரத்தை மூன்றாம் தலைமுறையினர் தலையில் ஏற்றிவிடுவது எளிது. தந்தை பெயர் கூட இங்கே உதவாது. மனைவி பெயர், உடன்பிறந்தோர் பெயர், சர்வே எண், கையெழுத்தா கீறலா என்பது ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்துப்போனால் தவிர இருவரையும் ஒருவராக்க வேண்டாம். அண்ணன் தம்பி மூவருக்கும் பிறந்த மூத்த மகன்கள் ஒரே பாட்டனார் பெயரைத் தாங்குவதும் உண்டு. அப்போது பெரியவன், சின்னவன் என்ற அடைமொழியோ பட்டப்பெயரோதான் வேறுபடுத்திக் காட்டும். பட்டப்பெயர் கேலியாக இருந்தாலும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓலைகளையும் பழைய தாள்களையும் எப்படி வைத்துக்கொள்வது?

எழுத்துத் தெரிய வேண்டும் என்று நீங்களே எண்ணெயோ மையோ பூச வேண்டாம். ஓலையைச் சமதளத்தில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழும்படி படமெடுத்தாலே கீறல்கள் தெளிவாகத் தெரியும். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஏடுகள் இருந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஏடுகளில் எண் இருக்காது. மடித்த முத்திரைத்தாளை மடிப்பின் மேலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் அந்த வரி உதிர்ந்துவிடும், அந்த வரியில்தான் பெயர் இருந்திருக்கும். விரித்து, தட்டையான உறையில் வைக்கலாம். நெகிழித் தகட்டால் ஒட்டி மூடுவதை அறவே தவிருங்கள். ஓலைகள் மிகுதியாக இருந்து வீட்டில் வைக்க இயலாவிட்டால், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களை அணுகலாம்; கொடுப்பதற்கு முன் எல்லா ஏடுகளையும் இரு பக்கமும் படமெடுத்து, குடும்பத்தில் இரண்டு, மூன்று பேரிடம் பிரதிகள் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.